தம்பி பெயரில் வந்தவன்

தம்பி டெங்கு காய்ச்சலில் போனபிறகு அவன் போனை எங்களைப் பெற்ற நைனாதான் வைத்திருந்தார். தினமும் மறக்காமல் சார்ஜ் போடுவார். நானும் தம்பியும் சேர்ந்து ஆடிய ஆன்லைன் கேம் அதில் அப்படியே இருந்தது. என் போனிலும் நண்பர்கள் வரிசையிலிருந்து அவன் பெயரை நான் எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஆந்திரப் பக்கம் வரதய்யபாளையம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். சும்மா கேமைத் திறந்தேன். தம்பி பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் ஆடிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் யாரோ தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "தம்பி?" என்று எழுதி அனுப்பினேன்.

"நீ யார்?" என்று இங்கிலீஷில் பதில் வந்தது.

உடனே நைனாவைப் போனில் கூப்பிட்டேன்.

"கேம்காரங்க மெயில் அனுப்பிச்சாங்கம்மா. பாஸ்வேர்ட் போடலன்னா தம்பி கணக்க அழிச்சிடுவோம்னு இருந்துச்சு. பயந்துக்கினு போட்டுட்டேன். தப்பாம்மா?"

அது எவனோ ஒரு திருடன் அனுப்பிய போலி மெயில். நல்லவேளை, தம்பியின் மெயில் எங்கள் கையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதிலிருந்து கேம் கம்பெனிக்கு எழுதிக் கணக்கை மீட்டேன். பாஸ்வேர்டை மாற்றி, என் போனுக்கு ஓடிபி வராமல் யாரும் நுழைய முடியாதபடி செய்தேன்.

"இனிமே அதுல யாரும் வரமாட்டாங்க இல்ல?" என்று நைனா கேட்டார்.

"யாரும் வரமாட்டாங்க நைனா."

அவர் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. எனக்கும் அது வரவில்லை; தம்பி பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை விளக்கு இனி எரியாது.