வியாழக்கிழமை தூக்க இருந்த படம்

1. முப்பத்தொரு பேர்

திங்கட்கிழமை ஆறரை ஷோவுக்கு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் எழும்பிப் போய்விட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் பெல்கனி உள்ள ஒரு பழைய தியேட்டரில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். டிக்கெட் கவுன்டரில் தொடங்கியவள். எந்தப் படத்தை எடுப்பது, எந்த ஷோவில் போடுவது என்று முடிவெடுக்கிற வேலையைப் பார்த்தவர் கனடாவுக்குப் போனதும், முதலாளி அதை என்னிடம் தந்தார். "மூணு மாசம் செஞ்சு காட்டுங்கொ சாந்தி. சரி வரல்லாட்டி பழையபடி கவுன்டர்." இதுதான் அவர் போட்ட ஒப்பந்தம். எங்கள் எல்லோருக்கும் அவர் பொஸ். வாப்பாவிடமிருந்து தியேட்டரை எடுத்து நடத்துகிற மனிதர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மரியாதை கூடிவிடும். அதுதான் பயம்.

அந்த மூன்று மாதத்தின் கடைசிக் கிழமையில் நடந்த கதை இது.

பெரிய ஹீரோவின் படம் ஒன்று மூன்றாவது கிழமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பகல் ஷோவுக்குத் தள்ளிவிட்டு, பெயர் தெரியாத ஆட்கள் நடித்த ஒரு சின்னப் படத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து ஆறரை ஷோவில் போட்டேன். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி கதை. சண்டைக்காட்சி கிடையாது. படம் முழுக்கக் கதைப்பார்கள், ஆனால் என்ன கதை! விநியோகக் கம்பனியின் சின்ன ஹோலில் போட்டுக் காட்டியபோது சிரித்துச் சிரித்து, கடைசியில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "பொஸ், இது நிண்டு ஓடும்" என்று வாக்கும் கொடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பொஸ் கூப்பிட்டார். "சாந்தி அவங்க, இருங்கொ."

'அவங்க' என்று மரியாதை கூடியதும் கதிரை நுனியில் இருந்தேன்.

"யாழ்ப்பாணத்தில இந்தப் படம் ஹவுஸ்புல்லாம். இங்க முப்பத்தொரு பேர். என்னத்துக்கு?"

"வாய்வழியாப் பரவ ரெண்டு மூண்டு நாள் எடுக்கும் பொஸ்."

"வாய்வழியாத்தான் பரவி ஈக்கி. உங்கட பெல்கனி மாமா என்ன செல்றார்னு போய்க் கேளுங்கொ. வியாழக்கிழமையோட தூக்குவம். உங்கட விஷயத்தையும் அண்டைக்கே கதைப்பம்."

2. படிக்கட்டுத் தீர்ப்பு

எங்கள் தியேட்டரில் படம் முடிந்ததும் ஆட்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். பெல்கனியிலிருந்து இறங்குகிற படிக்கட்டில் நின்று கதைப்பார்கள். பாட்டு எப்படி, இடைவேளைக்குப் பிறகு எப்படி, அந்த நடிகைக்கு ஏன் இந்த வேலை, எல்லாம் அங்கே அலசப்படும். இப்போது போனும் மைக்குமாக யூடியூப்காரர்களும் அந்தப் படிக்கட்டில்தான் வந்து நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் முந்தியே அங்கே ஒரு நீதிபதி இருந்தார். பெல்கனி மாமா.

வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து முதல் நாள் ஷோவுக்கு வருவார். பெல்கனியில் எப்போதும் அதே சீட். எந்தப் படத்தின் டிக்கெட் துண்டையும் எறியமாட்டார், திகதி எழுதி ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பார். படம் முடிந்ததும் படிக்கட்டின் நடுவில் நின்று தீர்ப்பு சொல்வார். அவர் 'பார்க்கலாம்' என்றால் சனிக்கிழமை பெல்கனி நிறையும். 'பரவாயில்லை' என்றால் பாதி. அன்றைக்கே அவரைப் போனில் பிடித்தேன்.

"மாமா, படம் எப்பிடி? உண்மையச் சொல்லுங்கோ."

"பிள்ளை, நீர் எடுத்த படமாம். அதுதான் நான் வாயைத் திறக்கேல்ல."

திறக்கவில்லையாம்! அதற்குள் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார் மனுஷன்.

"இல்ல மாமா, சொல்லுங்கோ."

"கதை எண்டு ஒண்டும் இல்லையே. ரெண்டு பேரும் எந்த நேரமும் முணுமுணுக்கினம். ஏன் சண்டை பிடிக்கினம் எண்டும் விளங்கேல்ல. கடைசியில அண்ணன்காரன் சுவரில கையை வைச்சு ஏதோ முணுமுணுத்தான், தம்பிக்காரன் அழுதான், லைட்டைப் போட்டுட்டாங்கள். இதுக்கோ நான் மழையில நனைஞ்சு வந்தனான்? பாட்டு மட்டும் நல்லம்."

தியேட்டரின் பேஸ்புக் பக்கத்திலும் அதே பாட்டுத்தான். 'ஸ்டோரி இல்ல', 'தலையும் விளங்கேல்ல வாலும் விளங்கேல்ல', 'மியூசிக் சூப்பர்'. யூடியூப்காரர்களில் ஒருவன் ஐந்து நிமிடம் எங்கள் படிக்கட்டில் நின்று என் படத்தைக் கிழித்திருந்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. என் ரசனையே பிழையோ என்று யோசித்தேன். இருபத்தாறு வருடத்தில் அப்படி நான் யோசித்தது அதுதான் முதல் தடவை.

3. டிலான் அழுதது

செவ்வாய்க்கிழமை ஆறரை ஷோ முடிந்து வந்த ஆட்களில் டிலானும் இருந்தான். தெமட்டகொடையில் ஓட்டோ ஓட்டுகிற சிங்கள ஆள், எனக்கு 'மல்லி', அதாவது தம்பி. தமிழ்ப் படம் ஒன்றும் தவறவிடமாட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க எங்கள் தியேட்டரில் படித்தது, அதனால் அவன் வாயைத் திறந்தால் பாதி பஞ்ச் டயலொக்காக வரும். கூட்டாளிகள் நாலு பேரோடு வந்தவன் என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்தான்.

"அக்கே, பிலிம் எக்க மாரயி! செம படம்! லாஸ்ட்ல நான் அழுத. சத்தியமா."

எனக்கு எரிச்சல் வந்தது. "பகிடி விடாத மல்லி. தமிழ் ஆக்களே விளங்கேல்ல எண்டு திட்டுதுகள். உனக்கு என்ன விளங்கினது?"

"ஐயோ, ஏன் விளங்காது? அண்ணா சொல்றான் தானே, உன் பக்கமும் நான் பூசிட்டேன். சுவர் அந்தப் பக்கம், தம்பியோட பக்கம். அதையும் அவன் பூசினது. சண்டையில இருக்கும்போதே! அந்த இடம், அக்கே..." கூட்டாளிகளும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

'உன் பக்கத்தையும் சேர்த்துப் பூசிட்டேன்டா.' அதுதான் படத்தின் உயிர். அந்த வரிக்குத்தான் நானும் கண்ணைத் துடைத்தேன். ஆனால் நான்கு நாளாக என்னைத் திட்டிய ஒரு தமிழ் ஆள்கூட அந்த வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாமாவுக்கு அது 'ஏதோ முணுமுணுப்பு'.

"மல்லி, அதை நீ காதால கேட்டனியா?"

"கேக்கல்ல அக்கே. கீழ இங்கிலீஷ்ல போட்டது தானே. நான் எப்பவும் அதைத்தான் படிக்கிறது."

எழுத்தைப் படித்தவனுக்குப் படம் விளங்கியிருக்கிறது. காதை நம்பி வந்தவர்களுக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் பிழை படத்தில் இல்லை.

4. திரைக்குப் பின்னால்

புதன்கிழமை காலை முதல் வேலையாக ஒப்பரேட்டர் செல்வத்தின் அறைக்கு ஏறினேன். ஹட்டன் பக்கத்து ஆள், பதினைந்து வருடமாக எங்களோடு இருக்கிறான். தன் மெஷினைப் பற்றி ஒரு சொல் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

"சவுண்டா? என்னக்கா சொல்றீங்க? நான் தினமும் மொனிட்டர்ல கேக்குறேன், கண்ணாடி மாதிரி இருக்கு."

மொனிட்டர் என்பது அவனுடைய அறைக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர். ஹோலுக்குள் என்ன கேட்கிறது என்பதை அது சொல்லாது. மெஷினிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதை மட்டும் சொல்லும்.

"செல்வம், கீழ வந்து ஹோலுக்குள்ள இருந்து கடைசியா எப்ப படம் பாத்தனீர்?"

யோசித்தான். வருடங்களை விரலில் எண்ணத் தொடங்கினான். நான் மட்டும் பார்த்தேனா? நான் கதவைத் திறந்து தலையை நீட்டுவேன், ஆட்களை எண்ணுவேன், போய்விடுவேன். சொந்தத் தியேட்டரில் ஒரு படத்தை முழுக்க இருந்து பார்த்துப் பல வருடம். தியேட்டர்காரர் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. வெட்கக்கேடு.

செல்வம் டெஸ்ட் ஒலியைப் போட்டான். இடது ஸ்பீக்கர் 'சர்ர்' என்று மழை மாதிரி இரைந்தது. வலதும் அப்படியே. நடுவில் உள்ள சென்டர் ஸ்பீக்கருக்கு மாற்றினான். 'ம்ம்ம்' என்று தலையணைக்குள் வாயை வைத்துக் கத்துவதுபோல ஒரு சத்தம்.

பாட்டும் மியூசிக்கும் இரண்டு பக்கத்தாலும் வரும். ஆட்கள் கதைக்கிறது சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். டோர்ச்சோடு திரைக்குப் பின்னால் போனோம். அந்த ஸ்பீக்கரின் மேல் பகுதிக்குப் போகிற வயரை எலி கடித்து வைத்திருந்தது. அடிப்பகுதி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கடித்த இடத்தில் தூசு படிந்திருந்தது, இன்று நேற்று நடந்ததில்லை.

"அப்ப அந்தப் பெரிய படம் மூணு வாரம் இதுலயா ஓடிச்சு?" செல்வம் தலையில் கையை வைத்தான்.

ஓடியது. ஒருத்தரும் முறையிடவில்லை. ஹீரோ வாயைத் திறந்தால் எங்கள் பெடியன்கள் விசில் அடிப்பார்கள், அவன் என்ன சொன்னான் என்று யாருக்கு வேணும்? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தோம்.

பத்தரை ஷோவுக்கு முதல் செல்வம் புது வயர் போட்டுவிட்டான். நான் பொஸ்ஸிடம் போனேன்.

"பொஸ், பேஸ்புக்கில போடப் போறன். எங்கட ஸ்பீக்கர் பழுது, இப்ப திருத்தியாச்சு, வெள்ளியில இருந்து பாத்த ஆக்கள் டிக்கெட் துண்டோட வந்தா திரும்பச் சும்மா பாக்கலாம் எண்டு."

"பைத்தியமா? எங்கட தியேட்டர்ட பேரு கெட்டுப் போகும்."

"கெட்ட பேர் ஏற்கெனவே வந்திட்டுது பொஸ். எங்கட ஸ்பீக்கருக்கு வரவேண்டியது அந்தப் படத்துக்குப் போயிருக்கு. அது பாவம்."

பொஸ் கையை வீசினார். "போடுங்கொ. ஆனா வியாழன் வியாழன்தான். அதுக்குள்ள ஆள் வரல்லாட்டி என்னோட கதைக்க வராதீங்கொ."

5. வியாழக்கிழமை

புதன்கிழமை அறுபது பேரளவில் வந்தார்கள். பாதிப் பேர் இரண்டாம் தடவை பார்க்க வந்தவர்கள். படம் முடிந்து படிக்கட்டில் போன்கள் வெளியே வந்தன, நல்ல சேதி பரவத் தொடங்கியது. வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கீழ் ஹோல் நிறைந்து பெல்கனிக்கு ஆட்களை ஏற்றினோம். முன்பு என் படத்தைக் கிழித்த யூடியூப்காரன் இந்தத் தடவை பேசாமல் டிக்கெட் வரிசையில் நின்றான். மாமாவும் குடையோடு வந்தார். கொப்பியிலிருந்து உரித்தெடுத்த துண்டை என் முன்னால் நீட்டினார், பின்பக்கத்தில் கொப்பித்தாளும் ஒட்டி வந்திருந்தது.

"திரும்ப ஒட்டவேணும், கிழிக்காம தாரும்" என்றார்.

நானும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போய் இருந்தேன். பொஸ் கடைசி வரிசையில் நின்றார்.

படம் தொடங்கி இரண்டாவது நிமிடமே ஹோல் சிரித்தது. அப்புறம் நிறுத்தவில்லை. நான் மறந்துபோன இடங்களுக்கெல்லாம் சிரித்தார்கள். தம்பி மனைவி அண்ணன்காரனைச் சாடையாகத் திட்டுகிற இடத்தில் பக்கத்து சீட் அம்மா தொடையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அண்ணன் சுவரில் கையை வைத்தான். ஹோலில் ஒரு இருமல்கூட இல்லை.

"உன் பக்கத்தையும் சேர்த்துப் பூசிட்டேன்டா."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. லைட் போட்டதும் பெல்கனியிலிருந்து தொடங்கிய கைதட்டல் கீழே வந்து முழு ஹோலையும் பிடித்தது. நான் அழுதேன். இந்தத் தடவை அண்ணன் தம்பிக்காக இல்லை, எனக்காக. நான் பிழைவிடவில்லை, என் ரசனை பிழையில்லை! எழும்பி நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

வெளியே வந்தால் பொஸ் வேறொரு விநியோகக் கம்பனியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். "இல்ல இல்ல, நாளைக்கி உங்கட படத்துக்கு ஆறரை தர ஏலாது. இப்ப ஓடுற படம் சனத்துக்குப் புடிச்சீக்கி. இனிமே படம் விஷயமா என்னோட கதைக்க வாணாம், சாந்தியோட கதைங்கொ. நம்பர் தாறன்." என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். அதற்குமேல் அந்த மனிதரிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

அந்தப் படம் எங்கள் தியேட்டரில் ஐந்து கிழமை ஓடியது. கல்கிசையிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கிழமைக்கு ஒரு தடவை டிக்கெட் எடுத்து உங்கள் ஹோலில் இருந்து முழுப் படத்தையும் பாருங்கள். ஒரே படத்தை ஒருவர் திட்டி, இன்னொருவர் அழுதால், யார் சரி என்று சண்டை பிடிக்காமல் இரண்டு பேரும் எதைப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். என்னைக் காப்பாற்றியது என் ரசனை இல்லை. டிலான் அழுததும் மாமா திட்டியதும் சேர்ந்துதான் காப்பாற்றின.

மாமாவை மறந்துவிட்டேனே. அன்றைக்குப் படிக்கட்டின் நடுவில் எல்லோரும் அவர் வாயைப் பார்த்து நின்றார்கள். குடையை ஊன்றிக்கொண்டு, யூடியூப்காரனின் மைக்கை வாங்கித் தன் வாயருகில் பிடித்தார்.

"படம் பார்க்கலாம். கட்டாயம் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நான் பார்த்தது சரியில்ல, அதை அண்டைக்கே சொன்னனான். நான் சொன்னாப் பிறகு திருத்திப் போட்டிருக்கிறாங்கள்."

செல்வம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், மனுஷன் சொன்னதில் என்ன பிழை?

"ஓம் மாமா" என்றேன். "நீங்கள் சொல்லித்தான் திருத்தினனாங்கள்."