பெருங்காயம் மணக்காத நாள்

இந்த முறை ஸ்ரீரங்கத்தில் அண்ணா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை மன்னி என் கையில் கொடுத்தாள். “நம்மாத்துத் தண்ணி உனக்கு ஒத்துக்காது.” வேலை கிடைத்து ஹாம்பர்க் போகும்வரை இந்த வீட்டுத் தண்ணீரைத்தான் குடித்தேன். ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை. விருந்தாளிக்குத்தான் பாட்டில் தண்ணீர், எனக்குத் தெரியாதா? கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறின பிறகு எழுதினால் பொய் கலந்துவிடும்.

கோபம் வந்தால் எனக்குப் பெருங்காய வாசனை ஞாபகம் வரும். அதற்கு ஹாம்பர்க்கின் முதல் குளிர்காலத்தைச் சொல்ல வேண்டும். கம்பளிக் கோட்டை மாட்டுவதற்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. தினமும் தாளிக்கிற பெருங்காயம் முழுக்க அந்தக் கோட்டில்தான் இறங்கியது. லிஃப்டில் கீழ்வீட்டு அம்மாள் மஃப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பாள். ஆபீசில் என் பிறந்த நாளுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தார்கள். நான் அசடு, பல்லெல்லாம் தெரிய நன்றி சொல்லி, மறுநாள் அதைக் கோட்டின் மேலேயே அடித்துக்கொண்டு போனேன். இரண்டும் கலந்து கிளம்பிய நாற்றத்தில் எனக்கே தலை சுற்றியது. அப்போதுதான் உறைத்தது, அது பரிசு இல்லை என்று. இன்றுவரை அவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மேல்மாடியில் வையம்பட்டி செல்வி இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். “கோட்டைப் பால்கனில போடுங்கக்கா. இவங்களுக்குப் பயந்து சோத்தையா விடுவாங்க?” என்றாள். நான் விடவில்லை. கோட்டுக்குப் பதில் தலைமுடி மணந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் என்மேல் அந்த வாசனை இருக்காது. அது அப்பாவின் திதி. எங்கள் வீட்டுத் திதித் தளிகைக்கு மிளகாய் ஆகாது, மிளகுதான். பெருங்காயம் கூடவே கூடாது. சின்ன வயதில், தாத்தா திதிக்கு முதல் நாள் சாயங்காலமே அம்மா பெருங்காய டப்பாவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுவாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், நெய்யும் எள்ளுமாக வீடே வேறு யாருடையதோ மாதிரி மணக்கும். திதி கொடுப்பது பிள்ளை; பெண்ணுக்கு அதில் பங்கில்லை. இருந்தாலும் ஹாம்பர்க்கில் அன்றைக்கு லீவு போட்டு, குளித்து, மடியாக வாழைக்காய்க் கறியமுதும் எள்ளுருண்டையும் பண்ணி, பால்கனியில் ஒரு கைச் சாதம் வைப்பேன். காக்கைக்குப் பதில் கடற்பறவை ஒன்று வந்து தின்றுவிட்டு ஊரைக் கூட்டும். அப்பாவுக்கும் தொண்டை கொஞ்சம் பெரிசுதான்.

இந்த வருடம் திதிக்கென்றே ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு அவர் வீட்டிலேயே என் கையால் ஒரு தடவை தளிகை பண்ண வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது. விடிகாலையில் குளித்து, மடிப்புடவையோடு போனால், சமையலறை வாசற்படியில் மன்னி குறுக்கே நின்றாள்.

“நீ வேண்டாம். கடல் தாண்டிப் போனவ. திதி பண்ணி வைக்கற வாத்யார் ஏதாவது சொல்லுவார். ஹால்ல உக்காரு.”

உட்கார்ந்தேன், பாட்டில் தண்ணீரோடு. உள்ளே பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. வெயில் ஏறின பிறகு மன்னார்புரத்துச் சமையல் கான்ட்ராக்டரிடமிருந்து ஒரு வேன் வந்தது. பேன்ட் போட்ட இரண்டு பேர் ஹாட்பாக்ஸ்களைத் தூக்கிக்கொண்டு, நான் நுழையக் கூடாத அதே சமையலறைக்குள் விடுவிடுவென்று போனார்கள். ஒரு மூடியைத் திறந்ததும் குப்பென்று ஹால்வரை வந்தது. மற்றதில் எப்படியோ, இந்த வாசனையில் என் மூக்கை ஏமாற்ற முடியாது.

“மன்னி, குழம்புல பெருங்காயம் இருக்கு.”

“இருந்தா என்ன? இப்பல்லாம் யாரு இதைப் பாக்கறா? அவ்ளோ தூரம் போயும் நீ பழைய பஞ்சாங்கமாவே இருக்கியே.”

காலையில் கடல் தாண்டினவள், மத்தியானம் பழைய பஞ்சாங்கம். அண்ணாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல், “விடு, அப்பா கோச்சுக்க மாட்டார்” என்றான். அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாத்யார் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடல் தாண்டினதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கும் இலை போட்டார்கள். தலை வலிக்கிறது என்று எழுந்துவிட்டேன். அம்மாவின் டப்பா கொல்லைப்பக்கம் போகிற அந்த நாள் இந்த வீட்டில் இனிமேல் கிடையாது, அதைக் காணோமே என்று தேடவும் இங்கே ஆளில்லை. அடுத்த திதிக்கு நான் வரப்போவதில்லை. ஹாம்பர்க்கில் பெருங்காயம் போடாமல் சமைத்து, பறவைக்குச் சாதம் வைத்துவிட்டு, சாயங்காலம் லிஃப்டில் இறங்குவேன். கீழ்வீட்டு அம்மாள் மஃப்ளரை எடுக்காமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், கடைசியில் இவளும் திருந்திவிட்டாள் என்று.