மாலை மறைத்த ஒரு வரி

சென்ற டிசம்பரில் ஐந்து நாள் யாங்கோன் போயிருந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் ஒரு சிற்றூரின் முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். அங்கே இருக்கும் மார்கரெட் என்ற மூதாட்டியின் அப்பா ஆர்தர், விவசாயமும் ஆட்டு ரோமம் கத்தரிப்பதுமாகப் பிழைத்தவர். இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் சேர்ந்து, சிங்கப்பூரில் பிடிபட்டு, பர்மாவில் ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில் வேலை செய்தே செத்தார். மகள் பிறந்தபின் அவர் வீட்டில் இருந்தது இரண்டே வாரம்.

போர் முடிந்ததும், கல்லறையில் பொறிக்க ஒரு வரி எழுதித் தரலாம் என்று வீட்டுக்குக் கடிதம் வந்ததாம். மார்கரெட்டின் அம்மா எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மறுமணம் செய்துகொண்டு, ஆர்தர் பேச்சையே எடுக்காமல் போய்ச் சேர்ந்தார். அந்த வரியைப் பார்த்துவந்து சொல், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார் எண்பத்து நான்கு வயது மார்கரெட்.

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் தங்கினேன். காலை ஏழரைக்கு டாக்சி. போக வர எண்பதாயிரம் கியாட். ஓட்டுநர் கோ முருகன், யாங்கோனிலேயே பிறந்த தமிழர்; 'கோ' என்பது அங்கே அண்ணன் என்பதுபோல மரியாதைச் சொல். நகருக்கு வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் போர்க் கல்லறைக்குப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். கொளுத்தும் வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசை வரிசையாகப் படித்தேன். ஆர்தரைக் காணோம்.

மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கோ முருகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ரயிலு போடப் போன சிப்பாயிங்க இங்க இல்லியே தங்கச்சி. அவங்கெல்லாம் தன்பியூசயாட்ல."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே. கல்லறை பாக்கணும்னீங்க, கூட்டியாந்தேன்."

எரிச்சல் தலைக்கேறியது. காரில் உட்கார்ந்து, போர்க் கல்லறைகளின் இணையப் பட்டியலில் தேடினேன். சிக்னல் வந்து வந்து போக, இருபது நிமிடத்தில் ஆர்தர் பெயர் வரிசை எண்ணோடு கிடைத்தது, தன்பியூசயாட்டில்தான். இதை ஊரிலேயே செய்திருக்கலாம், மண்டையில் உறைக்கவில்லை. தன்பியூசயாட் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் உள்நாட்டுச் சண்டை, சோதனைச் சாவடி. வெளிநாட்டிலிருந்து வந்த என்னை விடமாட்டார்கள்.

"எம் மச்சான் அதுக்குப் பக்கத்துல மோல்மேன்ல இருக்காரு. அவரு போவாரு," என்றார் கோ முருகன்.

மூன்றாம் நாள் படம் வந்தது. அங்கே நிற்கும் கல் கிடையாது. தரையோடு ஒட்டிய சிறு மேடையில் எழுத்துப் பொறித்த ஓர் உலோகப் பலகை. அதன்மேல் ஆளுயரச் சாமந்தி மாலையைச் சுருட்டி வைத்து, ஊதுவத்தியும் கொளுத்தி, பக்கத்தில் மச்சான் கைகட்டி நிற்கிறார். பெயர் தெரிகிறது. கீழே இருக்கும் வரி முழுக்க மாலைக்கு அடியில்.

கோ முருகனை அழைத்துக் கத்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க தாத்தாவும் அந்த ரயிலு போட கூலியா போனவருதான் தங்கச்சி. எங்க பொதைச்சாங்கன்னே தெரியாது. கல்லு இருக்கிறவருக்காவது பெருசா போடுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். மச்சான் மறுநாள் திரும்பவும் பஸ் பிடித்துப் போனார். மின்சாரம் இல்லை, நெட் இல்லை. நான் விமான நிலையத்தில் நிற்கும்போதுதான் படம் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பட்டியலைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். பர்மாவில் இப்படிப்பட்ட கல்லறைத் தோட்டம் ஒன்றல்ல. காலையில் சீக்கிரம் போங்கள், தண்ணீரும் தொப்பியும் அவசியம். ஓட்டுநரிடம் எதற்காகப் போகிறீர்கள் என்பதை முழுதாகச் சொல்லுங்கள். வேறொருவரை அனுப்பினால், படம் எடுத்தபின் மாலை போடச் சொல்லுங்கள்.

திரும்பியதும் மார்கரெட்டின் காதருகே குனிந்து, அவருடைய அம்மா எழுதிய வரியைச் சத்தமாகப் படித்தேன். "மகளுக்கு உங்கள் காதுகள்தான், ஆர்தர்."

இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். காது கேட்கும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு காதுகளையும் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.