லாரிக்கு அடியில் ஒரு வழி

மூன்று வருடங்களுக்கு முன், திருவொற்றியூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று கணக்கில் பட்டை விளக்கப்படம். புத்தகத்தில் இருந்த பழக்கணக்கு எனக்கே சலித்துப்போயிருந்ததால், பிள்ளைகள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்பதையே படமாக்கலாம் என்று தோன்றியது. சார்ட்டில் கீழே வரிசையாக நடை, சைக்கிள், ஷேர் ஆட்டோ, பஸ் என்று எழுதினேன். ஆளுக்கு ஒரு சதுரக் காகிதம் கொடுத்து, அவரவர் வரும் விதத்துக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டச் சொன்னேன்.

நடைதான் உயரமாக வளர்ந்தது. எது அதிகம், எதைவிட எத்தனை அதிகம் என்று கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் வந்தது. ஒரு சிறுமி மட்டும் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீயும் நடந்துதானே வர்ற?"

"பாதிதான் மிஸ் நடப்போம். அப்பால லாரிக்கு அடியில பூந்து வருவோம். கண்டெய்னர் லாரி லைனா நின்னுகினு கீதில்ல, அதுல."

அரைகுறை நம்பிக்கையோடுதான் 'லாரிக்கு அடியில்' என்று ஐந்தாவதாக எழுதினேன். அவள் ஒட்டினாள். உடனே இன்னொருத்தி எழுந்து வந்து, நடையில் ஒட்டியிருந்த தன் காகிதத்தைப் பிய்த்து அதன்மேல் ஒட்டினாள். அடுத்து இரண்டு பேர். பிறகு ஒரு கூட்டமே வந்தது. பதினொன்று.

"இப்ப இதான் மிஸ் அதிகம்" என்றார்கள் சந்தோஷமாக.

சாயங்காலம் நானே கூட்டிப் போகிறேன், யாரும் தனியாகப் போகக்கூடாது என்றேன். தலையாட்டினார்கள். ஆனால் மணி அடித்து, வாசல் நெரிசலில் நான் தேடுவதற்குள் போய்விட்டிருந்தார்கள். ஓடினேன்.

துறைமுகச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, உள்ளே போகக் காத்திருந்த கண்டெய்னர் டிரெய்லர்கள் கடக்க இடைவெளியில்லாமல் நின்றிருந்தன. சில பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். காலையில் பேசிய சிறுமி குனிந்து உள்ளே நுழைவதைப் பார்த்தேன். அதே நேரம் முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. இவள் நுழைந்த வண்டியில் பிரேக் விடுபடும் 'புஸ்' சத்தம் கேட்டது. கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் எடுபடவில்லை. டிரைவர் பக்கக் கதவை டிபன் பையால் அடி அடியென்று அடித்தேன்.

"இன்னாம்மா, இன்னா வோணும்?"

கையால் அடியில் காட்டினேன். இன்ஜின் நின்றது. அவர் குதித்து இறங்கி, ரோட்டில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வா கண்ணு. மெதுவா வா. தலைய தூக்காத."

பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னாலிருந்து அவள் தவழ்ந்து வந்தாள். டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேலருந்து பாத்தா ஒண்ணியும் தெரியாதும்மா. எனக்கும் பொண்ணு கீது" என்றார்.

மறுநாளே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். காலையும் மாலையும் இரண்டு அம்மாக்கள் முறைபோட்டு நின்று, பிள்ளைகளைச் சிக்னல் வரை சுற்றி அழைத்துப் போகத் தொடங்கினார்கள். இன்றும் அது நடக்கிறது.

அன்று வெளியே வந்த சிறுமி பாவாடையைத் தட்டிவிட்டு, "பஸ்ட்டு பஸ்ட்டுதான் மிஸ் பயமா இருக்கும், அப்பால பழகிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பழகிவிட்ட ஆபத்தைப் பிள்ளைகள் தாமாக வந்து சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும் என்பதை, எட்டு வயதுக் குழந்தையின் அந்த நிதானமான குரல்தான் இன்றுவரை என்னை உலுக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.