பேதுருவின் ஒரே படம்

வவுனியா கடைவீதியில் மரியமலர் எழுத்தடிக்கிற கடையில் அன்றைக்கு ஒரே அமளி. பழைய அப்பிள் கொம்பியூட்டரை விற்றாச்சு. மத்தியானம் லொறி வந்து கொழும்புக்கு ஏற்றப்போகுது. மற்ற மேசையில் புதுமாப்பிள்ளை மாதிரி வந்து குந்தியிருந்தது ஒரு வின்டோஸ் கொம்பியூட்டர், பக்கத்தில் கலர் பிரிண்டரும்.

கடைக்கார மயில்வாகனம் வாசலுக்கும் உள்ளுக்குமாய் ஓடித்திரிந்தார்.

"பிள்ளை, பழசுக்குள்ள ஒரு எழுத்தும் கிடக்கக்கூடாது கண்டீரோ. வழியில ஆமிக்காரர் ஆரும் போட்டுப் பார்த்து, தமிழில ஒரு கலியாணக் காட் கிடந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்கள். எல்லாத்தையும் துடைச்சு அழியும்."

"ஓமண்ணை."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த ஊரில் வெறும் பெட்டிக்குத்தான் பயணம். நிரம்பிய பெட்டியென்றால் கேள்விதான்.

மரியமலருக்குக் கலியாணக் காட்டுகளைப் பற்றிக் கவலையில்லை. அவளுடைய கவலை ஒரேயொரு படம். முல்லைத்தீவுக் கரையில் மாதா திருநாளன்று எடுத்த படம். அவள் புருசன் பேதுரு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மாதாவின் சுரூபம் தூக்கும் தடிக்குத் தோள் குடுத்து நிற்கிறான். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கடலுக்குப் போனவன்தான், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வீட்டில் இருந்த படங்களெல்லாம் தொண்ணூற்றாறில் ஓடியபோது வீட்டோடு போயின. அகதி முகாமில் அடுத்த கொட்டிலுக்கு வந்து சேர்ந்த அந்தக் கரைக் குடும்பம் ஒன்றிடம் அந்தத் திருநாள் படம் இருந்தது. அதை இரவல் வாங்கி, கடை ஸ்கானரில் வைத்து எடுத்தாள். அந்தச் சனம் மூலப்படத்தோடு மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டது. போன இடம் ஆருக்கும் தெரியாது.

பழைய பிரிண்டரில் அடித்துப் பார்த்தாள். முகம் கரிச்சட்டி மாதிரி வந்தது. சரி, கலர் பிரிண்டர் வரட்டும் என்று பொறுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரையில் திறந்து பார்ப்பாள், மூடுவாள். மகள் நிறஞ்சனா தகப்பன் முகத்தைக் கண்டதேயில்லை. அவன் போனபோது பிள்ளை வயிற்றில். கடைக்குக் கூட்டிவந்து காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கே கூட்டிவருவது! தாய் ஆமியிடம் பாஸ் எடுத்து வெளியில் போனால் பிள்ளை முகாமுக்குள் நிற்கவேணும். திரும்பி வருவதற்கு அதுதான் பிணை.

மரியமலர் முதல் வேலையாய்ப் படத்தைப் புளொப்பி டிஸ்க்கில் போட்டாள். திறந்து பார்த்தாள், பேதுரு நின்றான். புளொப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பெட்டிக்குள் கிடந்த எல்லாவற்றையும் அழித்தாள். திரையில் இருந்த குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினாள். எவ்வளவு கவனம் பாருங்கள்! லொறி வந்தது, ஏற்றியது, போனது. மயில்வாகனமும் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அவள் புதுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, சிலுவை போட்டுக்கொண்டு, புளொப்பியைச் செருகினாள். படம் வரவில்லை. இங்கிலிசில் ஒரு கேள்வி வந்தது. கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

தமிழ் அடிப்பதில் அவள் விரல் பறக்கும். இங்கிலிஸ் அரைகுறை. ஆனால் விளங்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்கு நல்ல பழக்கம். முகாம் வாசலில் ஆமிக்காரன் கேட்பான், சந்தியில் கேட்பான், பாலத்தடியில் கேட்பான், எல்லாம் சிங்களத்தில். விளங்கினாலென்ன விளங்காவிட்டாலென்ன, ஓம் என்று தலையாட்டினால் விடுவான். இல்லை என்றால் நிமிர்ந்து பார்ப்பான். நிமிர்ந்து பார்த்தால் வில்லங்கம்.

ஓமை அமத்தினாள். திரையில் இன்னொரு கேள்வி வந்தது, தொடங்கவோ என்று. தொடங்கு என்று அமத்தினாள். எச்சரிக்கை மாதிரி ஏதோ வந்தது. அதற்கும் ஓம். புளொப்பி கர் கர் என்று சுற்றத் தொடங்கியது. படம் ஏறுது என்று சந்தோசமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவி.

மயில்வாகனம் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை செய்யிறீர்?"

"படம் எடுக்கிறன் அண்ணை."

"ஐயோ, என்ன கோதாரி வேலை! அப்பிளில எழுதின புளொப்பியை இது வாசிக்காது. வெறும் டிஸ்க் எண்டு நினைச்சு, துடைச்சுப் புதுசாக்கவோ எண்டெல்லோ கேக்கும்."

"ஓம், கேட்டது."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓமெண்டனான்."

"ஏன் பிள்ளை?"

"கேட்டது. சொன்னனான்."

அவர் பொத்தானை அமத்தி நிற்பாட்டினார், வெளியில் எடுத்தார், திரும்பச் செருகினார். ஒன்றுமில்லை. லொறியை மறிச்சால் என்ன என்று கேட்டாள். "மறிச்சு? அதுக்குள்ள என்ன கிடக்கு? நீர்தானே துடைச்சனீர்," என்றவர், சொன்னபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழிக்கச் சொன்னது தான்தான் என்று அவருக்கும் உறைத்திருக்கவேணும்.

மரியமலருக்குக் கத்தவேணும் போல இருந்தது. கத்தி என்ன செய்ய? வாடிக்கையாள் ஒருவர் மரண அறிவித்தலோடு படியில் நின்றார். அதை அடித்துக் குடுத்தாள். அதற்கிடையில் பாஸ் நேரம் முடியப்போகுது. பிந்தினால் நாளைக்குப் பாஸ் இல்லை, பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. ஆற இருந்து அழுவதற்கும் அந்த ஊரில் ஒரு இடம் இல்லை. சைக்கிளை எடுத்து மிதித்தாள். வழியில் மறித்த இடமெல்லாம் இறங்கினாள், காட்டினாள், ஏறினாள்.

கொட்டிலுக்குள் நிறஞ்சனா மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவர்த் தகரத்தைத் துடைத்து, தகப்பன் படம் ஒட்ட இடம் விட்டுவைத்திருந்தாள்.

"அம்மா, கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லையம்மா. பழுதாப்போச்சு."

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான்."

பிள்ளை அழவில்லை. தாய்க்குக் கிட்ட வந்தாள். "அப்ப நீங்கள் சொல்லுங்கோ, எப்பிடி இருப்பார் எண்டு."

மரியமலர் கண்ணை மூடினாள். தடி தெரிந்தது. தோள் தெரிந்தது. சுருக்கிய கண் தெரிந்தது. இவ்வளவு காலமும் அவள் நினைத்தது பேதுருவையல்ல, அந்தப் படத்தைத்தான். படத்துக்கு முந்திய பேதுருவைத் தேடினாள், வீட்டுக்குள், வள்ளத்தடியில், குசினி வாசலில். ஆள் வந்தான், முகம் வரவில்லை.

"அப்பாவுக்கு மீசை இருந்ததோ அம்மா?"

சிலநேரம் விடுவான், சிலநேரம் வழிப்பான். படத்தில்? நேற்றும் பார்த்தாளே, வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பார்த்தாளே.

"நாளைக்குச் சொல்லுறன்," என்றாள். "இப்ப சாப்பிடு."