முன் சக்கரம் தரையில் இல்லை

விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்து பிரேக் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போன ஷேர் ஆட்டோ ஏரிக்கரை வளைவில் கவிழ்ந்து, நம் விண்ணரசி இறந்துவிட்டாள். மாலைக்குள் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார்: "பிளைட்டுக்கே லோடு போடுற பொண்ணு. ஆட்டோல ஓவர் லோடுன்னு தெரியலையா? எல்லாம் தலையெழுத்து." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது ஐம்பது பேர் உட்காரும் சின்ன ஜெட். பெரிய விமானம் இறங்க முடியாத குட்டை ஓடுபாதைகளுக்கு அதுதான் போகும். சின்னது என்பதாலேயே எடை விஷயத்தில் அது யாரையும் மன்னிக்காது. முன்வரிசைகளில் கூட்டம் சேர்ந்தால் மூக்கு கனக்கும். பின்னறையில் பெட்டி குறைந்தால் மணல் மூட்டை ஏற்ற வேண்டும். எது எங்கே, எவ்வளவு என்று கணக்கிடுவது விண்ணரசியின் வேலை. அவள் சரி சொன்னால்தான் கதவு மூடும்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் அந்த ஜெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். பெட்டி ஒன்றுமில்லை, கூட வந்தவர்கள் எல்லோரும் முன்வரிசைகளில் அவரைச் சுற்றியே உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் பின்னால் போகவேண்டும் என்றாள் விண்ணரசி.

"இது இன்னா டவுன் பஸ்ஸா? பின்னாடி போ, பின்னாடி போன்னு சொல்ற?"

"டவுன் பஸ்ஸுன்னா நின்னுக்கினே போலாம்ணா. இது மேல போவுது."

மேலாளர் அவளைத் தனியே அழைத்துக் கத்தினார். "கத்துனா எடை குறையாது சார்" என்றாள். கடைசியில் பின்னால் போனார்கள். ஆனால் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் அவளை 'நிறுவனத்தின் சொத்து' என்று உருகியவரும் அதே மேலாளர்தான்.

மறுப்பது மட்டுமே அவள் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு நாள் இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் பொருத்தி, ஒரு சிறுமியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது. பெற்றவர்களில் ஒருவருக்குத்தான் இடம். இருவரும் படிக்கட்டடியில் அழுதுகொண்டு நின்றார்கள். விண்ணரசி மறுபடி கணக்கிட்டாள்; என் டூல் பெட்டிகளை இறக்கச் சொன்னாள். நான் கோபத்தில் குதித்தேன்.

"டூல்ஸ் நாளைக்கி வரும்டா. அந்தம்மா நாளைக்கி வந்தா போதுமா? யாரை ஏத்துனாலும் ஏறினவங்க எல்லாரும் எறங்கணும். அவ்ளோதான் நம்ம வேலை."

இப்போது ஆட்டோவுக்கு வருகிறேன். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாள். அன்று அமாவாசை. பஸ்களையெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷலாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். அனந்தபுரம் போக, பின்னாலும் பலகை கட்டி ஆள் ஏற்றும் அந்த ஆட்டோதான். அதில் வந்து உயிர்பிழைத்த ஓர் அம்மா, அடக்கத்தன்று கல்லறையில் தலை நிமிராமல் சொன்னார்: "பின்பலகையில இருக்கறவங்க எறங்குங்க, முன் சக்கரம் தூக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கினே இருந்திச்சி. டிரைவரு, 'யம்மா பிளேன்காரி, இது ரோட்லதான் போவும்'னான். நாங்கல்லாம் சிரிச்சோம்."

தெரியாமல் ஏறவில்லை. தெரிந்தது, சொன்னாள். அவள் சரி சொல்லாமலே கிளம்பக்கூடிய வண்டி அது, அவ்வளவுதான். பஸ்ஸைத் திருப்பியவர்களிடம் கேள்வி இல்லை, ஆளைத் திணித்தவனிடம் இல்லை, செத்தவளிடம் கேட்கிறீர்கள். தலையெழுத்தாம்! முன் சக்கரத்தில் எடை இல்லாவிட்டால் வண்டி திரும்பாது. இதில் எழுத்து எங்கே வந்தது?

நினைவுப் பூசை முடிந்ததும் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா என்னிடம் கேட்டதும் அதையேதான்: "அதுக்குத் தெரியாதா தம்பி? ஏன் ஏறிச்சி?" அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். என்னை பஸ் ஏற்றிவிட செஞ்சி வரை அவரும் கூடக் கிளம்பினார். ஷேர் ஆட்டோதான். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பின்பலகையில் அவரும் இன்னும் சிலரும். டிரைவர் இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விண்ணரசியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பேச்சுதான்: ஏறினவங்க எல்லாரும் எறங்கணும். அதை டிரைவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நைனா பின்பலகையிலிருந்து இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"பின்னாடி இருக்கறவங்க எறங்குங்கப்பா. சக்கரம் தூக்குது."

யாரும் சிரிக்கவில்லை.