முப்பது விநாடிப் பாட்டு

அந்தக் குரல்பதிவு ஒரு தொண்டைக் கனைப்பில் தொடங்கும். பிறகு அண்ணன் தன் பெயரையும் பரமக்குடிப் பக்கத்து ஊரையும் சொல்வார். "யல்லா", ஆரம்பிக்கலாம், என்பார். பாட்டு வரும். நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட அவர், வளைகுடாவில், முவைலாவில் எங்கள் கம்பெனித் தொழிலாளர் கேம்ப்பில் தங்கிச் சாரம் கட்டும் வேலை பார்த்தவர். நான் அவர் வேலை செய்த சைட்டின் ஆபீஸில் வரைபடம் அடுக்கிக்கொண்டிருந்த புது இன்ஜினியர். ரெகே இசை என்றால் ஹெட்போனில் கேட்பது என்று நினைத்திருந்தவன். அண்ணனுக்கு அது, முன்பு தோஹாவில் வேலை பார்த்தபோது நஜ்மா பகுதியில் ஒரே ரூமில் கூட இருந்த ஆப்பிரிக்கக் காவலாளியிடமிருந்து வந்தது. நாம் கைதட்டும் இடத்தை விட்டுவிட்டு, அடுத்த இடைவெளியில் அண்ணன் ஸ்பேனரால் இரும்புக் கட்டிலைத் தட்டுவார். சொற்கள் அவருடையவை: லீவு கேட்பது, விசா தந்த கஃபீல் தலையை மட்டும் ஆட்டுவது, மறுபடி லீவு கேட்பது. ஆறு வருடத்தில் இருபது பாட்டுக்குமேல் கட்டியிருந்தார். மேடை ஏறியதில்லை.

கேம்ப்பில் பாட்டு பரவுவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். அப்போதெல்லாம் முப்பது விநாடிக்குமேல் அது தாங்காது. அந்தக் குரல்பதிவில் இருந்த லீவுப் பாட்டை அதற்குள் அடக்கியது நான்தான். கனைப்பு, பெயர், ஊர் எல்லாவற்றையும் வெட்டினேன், சரணமும் போயிற்று. மிஞ்சிய பல்லவி ஒரே வாரத்தில் குவைத்தின் ஃபர்வானியா வரை போய் எனக்கே திரும்பி வந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அண்ணன் ஒன்று மட்டும் கேட்டார்: யார் பாட்டு என்று அங்கே தெரியுமா? தெரியும் என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, யோசிக்கவே இல்லை.

பொங்கலையொட்டித் தமிழர்கள் ஒரு ஹாலில் கூடிய மதியம், வேறு கேம்ப் ஆள் ஒருவர் மேடையேறினார். "இது யாரு எழுதுனதுன்னு தெரியல, நம்ம எல்லாருக்கும் சொந்தமான பாட்டு" என்று சொல்லி அதைப் பாடினார். நன்றாகவே பாடினார். அண்ணன் போய் மைக்கை வாங்கி, இது தான் கட்டிய பாட்டு என்றார். "நானுந்தாண்ணே எழுதுனேன்" என்றது பின்வரிசை. கூட்டம் சிரித்தது. அவர் வாதாடவில்லை. யாரும் கேட்டிராத சரணத்தைப் பாடினார். இனி யாரும் மறுக்க முடியாது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் முதலில் பாடியவர் அண்ணன் தோளைத் தட்டினார்: "சூப்பரா சேத்து எழுதிருக்கீங்க பாய்."

திரும்பும் பஸ்ஸில் நான் அவர் பெயரை வெட்டியதைச் சொன்னேன். மறுவாரம் அண்ணன் புதுப் பாட்டு ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். முன்னுரை எதுவும் இல்லை, நேராகப் பல்லவி. அதன் இரண்டாம் அடியில், ஸ்பேனர் விழும் இடத்தில், அவர் பெயர். இன்று அங்கே பாட்டுக் கட்டுகிறவர்கள் பலரும் அப்படித்தான் நடுவில் பெயர் வைக்கிறார்கள். யார் தொடங்கிய பழக்கம் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள், தெரியாது. அன்று ஹெட்போனைக் கழற்றி, நன்றாயிருக்கிறது என்றேன்.

"இப்ப வெட்டுங்க தம்பி, பாப்போம்" என்றார்.